சரோஜாக்கா கிணற்றில் நல்ல மணம்

திருவனந்தபுரத்துக் குப்பைக் கிடங்கைச் சுற்றி எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும், அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எனக்கு லேப் தேவையில்லை.

பொய். ஒரே ஒரு தடவை அப்படி நாக்கில் வைத்துப் பார்த்து, "சுத்தமான தண்ணி" என்று அறிவித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் கக்கூஸை விட்டு வெளியே வரவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை தூக்கினேன். முதுகு மக்கர் செய்த பிறகு, தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு லேபில் ஃபீல்ட் ஹெல்பராகச் சேர்ந்தேன். மூட்டையைவிட பாட்டில் லேசு என்று கணக்குப் போட்டிருந்தேன். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குப்பை மலைக்குள் மழை இறங்கினால், அடியில் கறுப்பு டீ மாதிரி ஒன்று கசியும். லீச்சேட் என்பார்கள். அது நிலத்தடித் தண்ணீரில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கத்தான் நாம். கிடங்கைச் சுற்றி ஒல்லியான ஆழ்குழாய்கள் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவற்றிலும், பக்கத்து வீட்டுக் கிணறுகளிலும் சாம்பிள் எடுப்போம். குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். அது பர்ஜிங். புதுத் தண்ணீர் வந்த பிறகுதான் பாட்டிலைத் திறக்கலாம்.

எங்கள் ஜியாலஜிஸ்ட் கோமதி மேடம். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர். திட்டும்போதுகூட குரல் உயராது. அதனால்தான் பயமாக இருக்கும்.

1. நான் போட்ட உத்தரவு

கிடங்குக்குக் கீழே சரிவில் ஆறு வீடுகள். முதல் வீடு சரோஜாக்காவுடையது. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். கணவர் கழக்கூட்டத்தில் ஹோட்டல் மாஸ்டர். ஆறு வீட்டுக்கும் டேங்கரில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த முறை சரோஜாக்கா கிணற்றில் எடுக்கிற சாம்பிளில் தண்ணீர் கெட்டது என்று வந்தால் டேங்கர் தொடரும், நல்லது என்று வந்தால் நிற்கும். அப்படித்தான் முடிவாகியிருந்தது.

முந்தின நாளே நான் போய் நின்றேன்.

"அக்கா, நாளைக்கு சாம்பிள் எடுக்க வாறோம். பெரிய டெஸ்ட். கிணத்த நல்லா வெச்சிருக்கணும், கேட்டியளா?"

கிணற்றடியில் கவிழ்த்திருக்கும் பாத்திரங்களை எடுத்துவிட்டு வழி விடுங்கள் என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். அப்படியே சொன்னால் ஹெல்பர் சொன்ன மாதிரி இருக்கும். எனக்கு அன்றைக்கு ஆபீசர் மாதிரி பேச ஆசை.

மறுநாள் போனால் கிணற்றடி கழுவி, மேலே மூடும் வலையைத் துவைத்து, கோலமே போட்டிருந்தது. குனிந்து பார்த்தேன். எப்போதும் முகத்தில் அறைகிற நாற்றம் இல்லை. புது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி ஒரு மணம். மேடம் மேலே ஆழ்குழாய்களில் வேலையாக இருந்தார்.

"எப்பிடி இருக்கு அண்ணாச்சி?"

"பிரமாதம் அக்கா! நீச்சல் குளம் தோத்துது."

ஃபீல்ட் ஷீட்டில் 'வாசனை' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக 'நாற்றம்' என்று எழுதுவேன். அன்று 'நல்ல மணம்' என்று எழுதினேன். நிறுத்தி, நிதானமாக, எனக்குத் தெரிந்த அழகில்.

2. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்

ரிசல்ட் வந்தது. மேலே இருக்கிற குழாய்களில் அமோனியா ஏகத்துக்கும்; லீச்சேட் கலந்ததற்கு அதுதான் அடையாளம். சரோஜாக்கா கிணற்றில் அமோனியாவும் இல்லை, கோலிஃபார்ம் கிருமியும் இல்லை.

"செல்லையா, இங்க வா. வாசனைங்கற எடத்துல என்ன எழுதியிருக்கே?"

"நல்ல மணம், மேடம்."

"என்ன மணம்? மல்லிப்பூவா?"

"ஆஸ்பத்திரி மணம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பிளீச்சிங் பவுடரக் கொட்டியிருக்காடா. நெறையப் போட்டா கிருமியும் சாகும், அமோனியாவும் காணாமப் போயிடும். இந்த ரிப்போர்ட் நாளைக்குப் போயிடுத்துன்னா ஆறு வீட்டுக்கும் தண்ணி நின்னுடும். அந்த மாமி ஏன் இப்படிப் பண்ணினா?"

"எனக்கு எப்படித் தெரியும் மேடம்" என்கிற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் வேலை பத்திரம். அக்கா வீட்டுக் குடம் காலி.

"நான்தான் மேடம் நல்லா வெச்சிருக்கச் சொன்னேன்."

"வாய வெச்சுண்டு சும்மா இருக்க மாட்டியோ?" அதே தணிந்த குரல். "ரிப்போர்ட்ட நிறுத்தி வெக்கறேன். கிணத்த முழுக்க எறைச்சு, ஊற விட்டு, குளோரின் துளிகூட இல்லேன்னு பார்த்துட்டு மறுபடி எடுக்கணும். எறைக்கப்போறது நீ."

3. பவுடர்

"நாத்தத் தண்ணிய ஆபீசர்மாருக்கு எப்பிடி அண்ணாச்சி குடுக்க?" என்றார் சரோஜாக்கா. "நாலு பேரு என்ன சொல்லுவாவ? அதான் ஒண்ணுக்கு ரெண்டு மடங்கா போட்டேன்."

"அக்கா, நோயாளிய டாக்டர்ட்ட கொண்டு போம்போது பவுடரு பூசியா கொண்டு போவிய?"

"பின்ன? பூசித்தான் கொண்டு போவோம்."

மோட்டாரைப் போட்டேன். பாதியில் அது சேற்றை இழுத்துப் படுத்துவிட்டது. மீதியை வாளியால் இறைத்தேன். மூட்டை தூக்கியபோது தப்பித்த எலும்பெல்லாம் அன்றைக்கு மாட்டிக்கொண்டது. அடிச்சேறு தெரிந்ததும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"டேங்கர் வேணும்னா நம்ம கிணறு நாறணும், அல்லே? எம் பிள்ளைய ரெண்டும் குடிச்சு வளந்த தண்ணி அண்ணாச்சி இது."

வாளியை மறுபடி இறக்கினேன்.

ஒரு வாரம் ஊறவிட்டோம். மேடம் மருந்து விட்டுப் பார்த்தார், குளோரின் இல்லை. பாட்டிலை இறக்கினேன். மேலே வரும்போதே மூக்கு சுருங்கியது.

"நாறுதா அண்ணாச்சி?"

"அமோகமா நாறுது அக்கா."

அமோனியா இருந்தது. கிருமியும் இருந்தது. டேங்கர் தொடரும் என்று ஆர்டர் வந்தது. தண்ணீர் கெட்டுப்போனதற்குப் பாயசம் வைத்த தெரு இந்த உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். எந்தத் தண்ணீரில் வைத்தது என்று கேட்டுக்கொண்டுதான் குடித்தேன்.

சாம்பிள் எடுக்கிற நாளை முன்கூட்டிச் சொல்லாதே. இது மேடம் சொன்ன பாடம். நான் கற்றது இன்னொன்று. கிணற்றைத் திறந்து காட்டுகிறவருக்கு வெட்கம் இருக்கும். அதை முதலில் இறைக்காமல் தண்ணீரை இறைத்துப் பயனில்லை. இதை நான் எவ்வளவு நன்றாகக் கற்றேன் என்றால், போன தடவை ஐந்தாவது வீட்டில் வாயையே திறக்கவில்லை. வாசலில் போய் நின்றேன். பாட்டிலைக் காட்டினேன். அந்த வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில்...

"செல்லையண்ணாச்சி! டேங்கர் வந்துட்டு! மேட்டு மோளுல நிறுத்திட்டு, டிரைவரு கீழ எறங்க மாட்டேங்கான். ஹோஸு எட்டல. எழுதினது மதி, போதும், ஓடி வாங்க!"

சரோஜாக்காதான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு வீட்டுக் குடமும் வரிசையில் நிற்கிறது. இதோ, போகிறேன்.