மாதேஷ் பொய் சொல்லவில்லை

போன மாதம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் மாற்றினோம். மைசூரில் வீட்டு வேலைக்கு ஆள் பிடித்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

வந்தவர் மாதேஷ். தமிழ்நாட்டு எல்லையோரம் தமிழ் பேசுகிற ஊரான மார்டள்ளிக்காரர், நாற்பது வயதிருக்கும். வேலை சுத்தம், பேச்சு குறைவு. ஒரே ஒரு நிபந்தனை – புதன்கிழமை வர மாட்டார். அடுப்பு ஹாலில், பாத்திரங்கள் பெட்ரூமில்... எரிச்சலோடுதான் கேட்டேன்.

“அப்படி என்ன மாதேஷ், வாராவாரம்?”

“ஆஸ்பத்திரிக்குப் போகோணும்ங்க மேடம்.”

“உடம்பு சரியில்லையா?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. எம் பொண்ணுக்கு ரத்தத்துல கேன்சர் வந்து, மூணு வருசம் முன்னால தவறிட்டா. ஏழு வயசு. எங்க ஊர்ப் பக்கம் இருந்து அந்த வார்டுக்கு வர்ற நெறைய பேருக்குக் கன்னடம் சரியா வராது. டாக்டர் சொல்றதை எடுத்துச் சொல்ல ஆராச்சும் வேணும்ங்களே.”

நம்பினேனா? பாதிதான். வேலைக்கு வராததற்கு எத்தனையோ காரணம் கேட்டுப் பழகிய காது இது. அடுத்த புதன்கிழமை நானும் கிளம்பிவிட்டேன். உதவி செய்ய என்று அவரிடம் சொன்னேன். சோதித்துப் பார்க்கத்தான் என்று உங்களிடம் சொல்கிறேன்.

குழந்தைகள் வார்டில் அன்று ஒரு சிக்கல். அதே எல்லைப் பகுதியில் உள்ள கோபிநத்தத்திலிருந்து வந்திருந்த சரசு என்ற பெண், தன் ஐந்து வயது மகளின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் ரத்தப் புற்றுநோய்தான். இரண்டாவது கீமோ முடிந்து குழந்தைக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. மூன்று நாளாக வாந்தி. போதும், ஊருக்கே போய்விடுகிறோம் என்று பிடிவாதம்.

டாக்டர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, மாதேஷ் தமிழில் சொன்னார். இந்த நோய் மருந்துக்குக் கேட்கும், வாந்திக்கு வேறு மருந்து தரலாம், பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து... சரசு காதிலேயே வாங்கவில்லை. திடீரென்று நிமிர்ந்தார்.

“இவ்வளவு சொல்றீங்களே... உங்க புள்ளைக்குச் சரியாப் போச்சுங்களா?”

ஒரு பொய் சொன்னால்தான் என்ன? நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இல்லீங்க. போயிட்டா,” என்றார் மாதேஷ்.

சரசுவின் கை நின்றது.

“ஆனா பக்கத்துக் கட்டில்ல இருந்த புள்ளை இப்ப எட்டாவது படிக்குது. அதே மருந்துதான். எம் பொண்ணுக்குக் கேக்கல. நானும் ஒருநாள் இப்படித்தான் பையைக் கட்டினேன். என் சம்சாரம் விடல. அன்னிக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன்னா, ஆஸ்பத்திரியிலயே இருந்து பார்த்திருந்தா பொழைச்சிருப்பாளோன்னு இன்னிக்கு வரைக்கும் நெனைச்சு நெனைச்சு செத்திருப்பேன். அந்த ஒரு நெனப்பு மட்டும் எனக்கு இல்லீங்க.”

சரசு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வாந்திக்கு என்ன மருந்து என்று கேட்டார்.

போன வாரம் மாதேஷ் போன் செய்தார். அந்தக் குழந்தையின் ரத்தத்தில் இப்போதைக்கு நோய் தெரியவில்லையாம். சிகிச்சை இன்னும் நிறைய பாக்கி. ஆனால், இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளாம்.

“சந்தோஷமா இருக்குமே மாதேஷ்?”

“இருக்குங்க மேடம். கூடவே கொஞ்சம் பொறாமையும் வருதுங்க. ரெண்டும்தான் வருது... வந்தா வந்துட்டுப் போகட்டும்னு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன்.”

மனசு முழுக்கச் சுத்தமான பிறகு நல்லது செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் – நானும்தான் – கவனிக்க.