பலகையில் இருந்ததை நான் சொல்லவில்லை

அன்று கடலோரத்தில் முருகேசன் அண்ணனும் நானும் இருந்தோம். எங்கள் ரூமில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த இன்னொருவரான ரஃபீக் பாய்க்கு டியூட்டி; அவர் வரவில்லை.

துபாயில் ஜெபல் அலி பக்கம் கரையிலிருந்து ஹமூர் மீன் சிக்குவது அபூர்வம். ஐந்து விடுமுறை நாட்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தோம். இந்த இடத்தில் ஒன்று மாட்டியதாகக் கேள்விப்பட்டு வந்தோம்.

“போர்டுல என்ன தம்பி போட்டிருக்கு?” கரையில் நின்ற பலகையைக் காட்டி அண்ணன் கேட்டார்.

மீன் பிடிக்கத் தடை என்று இருந்தது. சொன்னால் அண்ணன் திரும்பிவிடுவார்.

“குளிக்கக் கூடாதாம்ண்ணே” என்றேன்.

“நமக்கு எங்க நீச்சல் தெரியும்?” என்று சிரித்துத் தூண்டிலை வீசினார்.

நான் டீ வாங்கி வந்தபோது அவருடைய அடையாள அட்டை ஓர் அதிகாரியின் கையில் இருந்தது. அண்ணன் என்னைக் காட்டி, அரைகுறை இந்தியில் வாதாடிக்கொண்டிருந்தார். “இவன் படிச்சவன் சார். போர்டைப் பாத்துத்தான் சொன்னான்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தப் படிப்பை முருகேசன் அண்ணன் அளவுக்கு நம்பியவர் வேறு யாருமில்லை. இன்றும் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுகிறார். மகளின் காதுகுத்துக்கு ஊர் போக டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தில்தான் அபராதம் கட்டினார். ஆயிரம் திர்ஹம்.