மண்ணைக் கண்ணாடியாக்கும் வேலை

கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போடுகிறவனுக்குப் படம் போடுவது சுலபம். அது என்ன படம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள்தான் நாக்கு தள்ளிவிடும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

திண்டிவனத்து பஜ்ஜி

திண்டிவனத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தேன். என்ன வேலை என்று பெண்ணின் தாய்மாமா கேட்டார். விழுப்புரத்தில் கடை வைத்திருக்கிறேன், மேடு பள்ளம் வளைவு எதுவானாலும் அளவைக் கொடுத்தால் வரைந்து, எந்தப் பக்கமும் திருப்பிக் காட்டுவேன் என்றேன். செல்போனில் ஒன்றைச் சுழற்றியும் காட்டினேன். பஜ்ஜியை மென்றபடி பொறுமையாகப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி தம்பி, வேலைக்கு இன்னா பண்றீங்க?"

கயிறும் கல்லும்

கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து அமுதா அக்கா வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடும் ஒன்றரை ஏக்கர். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இரண்டு இடத்திலும் போர் போட்டு, புழுதிதான் கிளம்பியது. மூன்றாவதும் பொய்த்தால் நிலத்தை விற்றுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதென்று கணவர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு மனமில்லை. மூன்றாவதை எங்கே போடலாம் என்று படம் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

சுற்றியுள்ள கிணறுகளிலும் மோட்டார் கழற்றிய போர்களிலும் கயிற்றில் கல் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் என்று அளந்து வரச் சொன்னேன். ஒரே வாரத்தில் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். ஊரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"கெணத்துல இன்னா வுழுந்துச்சின்னு அவங்களும் எட்டிப் பாத்துக்கினே வந்தாங்க தம்பி."

வானத்தில் தண்ணீர்

நிலத்தின் மேடு பள்ளத்தை நானே போய் அளந்து ஒரு பரப்பாகவும், தண்ணீர் மட்டத்தை அதன் கீழே நீலப் பரப்பாகவும் போட்டேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெருமையாகத் திறந்தேன். ஆழங்களுக்குக் கழித்தல் குறி போட மறந்திருக்கிறேன். தண்ணீர் முழுவதும் நிலத்துக்கு மேலே பந்தல் போட்டதுபோல் நின்றது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா அசராமல் பார்த்தார்.

"இப்படியே இருந்தா மோட்டாரே வேணாமே தம்பி."

பச்சைப் புல்

குறியைத் திருத்தியதும் தண்ணீர் கீழே போய் ஒளிந்துகொண்டது. மேலேயிருந்த நிலத்தை முக்கால்வாசி கண்ணாடியாக மாற்றினேன். பழைய போர்கள் இரண்டும் நீலம் அதலபாதாளத்துக்கு இறங்கும் இடத்தில், அதைத் தொடாமலே நின்றிருந்தன. வடகிழக்கு மூலையில் நீலம் மேலே ஏறி வந்தது. இது வெறும் கணக்கு, பாறைக்குள் இருப்பது இதற்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். அக்கா அந்த மூலையில் விரலை வைத்தார்.

"கோடையிலயும் இங்க புல்லு பச்சையா கெடக்கும். யாரும் என்னைக் கேக்கல."

இருபது அடி

அந்த மூலையில் போர் போட்ட அன்று கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். படம் சொன்ன நூற்றறுபது அடியில் புழுதிதான் பறந்தது. கணவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னார். நூற்றெண்பதில் சேறு வந்தது, பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. கணவர் ஓடிவந்து அதில் நனைந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது அடி தப்பிவிட்டதே அக்கா என்றேன். சேறு தெறித்த முகத்தோடு சிரித்தார்.

"இருபது அடிதான தம்பி. பெங்களூரு அதவிட தூரம்."

மண்ணைக் கண்ணாடியாக்குகிறேன் என்று இப்போது என் வேலையை ஒரே வரியில் சொல்லப் பழகிவிட்டேன். திண்டிவனத்துத் தாய்மாமாதான் இன்னும் போனை எடுத்தபாடில்லை.