கந்தூராவுக்குள் ஒரு பிஸ்டல்

வாங்க வருகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒருவனை நிற்க வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஜவுளிக்கடையிலோ செருப்புக்கடையிலோ கால் கடுக்க நின்றவர் என்றால் இதற்குத் தலையாட்டுவீர்கள். நான் நின்றது துப்பாக்கிக் கடையில். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், அமீரகத்தில், அல் ஐன் என்ற ஊரில். வேட்டை, மீன்பிடி, பாலைவனக் கூடாரச் சாமான் எல்லாம் விற்கிற பெரிய கடை அது. பின்பக்கம் கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள். போலீஸ் கொடுத்த அனுமதிக் கடிதம் இல்லாமல் யாருக்கும் விற்க முடியாது. நம்ம தமிழாட்கள் தவிர, அங்கே எல்லாரும் எல்லாரோடும் இந்தியில்தான் பேசுவார்கள். நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முப்பதும் கவுண்டர் மேலே

வந்தது விசிட் விசாவில். "பாண்டிக்கு ஒன்பது வருஷ சேல்ஸ் அனுபவம், காலேஜில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவன்" என்று சொல்லி ஒரு சிநேகிதன் சேர்த்துவிட்டான். இரண்டும் உண்மை. ஒன்பது வருஷம் எதை விற்றேன் என்று அவன் சொல்லவில்லை, கடை முதலாளியும் கேட்கவில்லை. முதலாளியை அங்கே அர்பாப் என்பார்கள். விசா முடிவதற்குள் அவருக்கு என்னைப் பிடித்துவிட்டால் வேலை விசா அடிப்பார். பிடிக்காவிட்டால் மதுரைக்கு டிக்கெட். ஊரில் இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவன் நான்.

இரண்டாம் நாள் ஒரு கஸ்டமர் பிஸ்டல் காட்டச் சொன்னார். நான் ஒன்று எடுத்து வைத்தேன். அவர் முகத்தில் பிரகாசம் இல்லை. இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று, "இதைப் பாருங்க சார், புது வரவு" என்று ஒன்று. கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் அலமாரி காலி. முப்பது துப்பாக்கியும் கவுண்டரில் விரித்துக் கிடக்கின்றன. துப்பாக்கிக் கடையில் ஒன்று உள்ளே போனால்தான் இன்னொன்று வெளியே வர வேண்டும். இது ஊரறிந்த விதி, எனக்கு மட்டும் தெரியாது. அர்பாப் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒவ்வொன்றாக அவரே எடுத்து உள்ளே வைத்தார். கஸ்டமர் போன பிறகு என்னைக் கேட்டார்: "யா பாண்டி, ஒன்பது வருஷம் நீ என்னதான் வித்தே?"

அபு சலேம்

பட்டுச்சேலை என்று ஒப்புக்கொண்டேன். மாசி வீதியில் ஒரு பெரிய கடையில். இந்தியும் அங்கேதான், கோயிலுக்கு வருகிற வடக்கத்தி யாத்திரிகர்களிடம் விற்று விற்றுக் கற்றுக்கொண்டது. அர்பாப் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு பரீட்சை வைத்தார். அபு சலேம் என்று அறுபது வயதுக்காரர் ஒருவர், சூக்கில், அதாவது கடைத்தெருவில், நகைக்கடை வைத்திருப்பவர். ஒரு தடவை அவர் காரை யாரோ பின்தொடர்ந்து வந்தார்களாம். அதிலிருந்து உடம்போடு மறைத்து வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வேண்டும் என்று அனுமதி வாங்கிவிட்டார். நாலு மாதமாக வந்துகொண்டிருக்கிறார், இன்னும் எதையும் எடுத்தபாடில்லை. அவருக்கு ஒன்று விற்றுக் காட்டினால் எனக்கு விசா.

அபு சலேம் கேட்டதெல்லாம் பெரிசு. கையில் எடுத்தால் கனக்க வேண்டும், பார்த்தால் பயமாக இருக்க வேண்டும். நான் சேலைக்கடைக் கேள்வியையே கேட்டேன்: எங்கே கட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள்? அவர் திகைத்துவிட்டார். நாலு மாதத்தில் அதை யாரும் கேட்டதில்லையாம். அவர் உடுத்துவது வெள்ளைக் கந்தூரா, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே அங்கி. பெல்ட் கிடையாது. உள்ளே இடுப்பில் ஒரு துணி சுற்றியிருப்பார்கள். வஸார் என்று பெயர், பார்த்தால் நம்ம கைலியேதான். வெறும் பிஸ்டலை அதில் செருகிக்கொண்டு கடைக்குள் நாலு எட்டு நடந்தார். ஐந்தாவது எட்டில் பிஸ்டலும் வஸாரும் சேர்ந்து கீழே கிளம்பின. கந்தூராவுக்கு மேலேயே இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: "இது என்னைக் காப்பாத்துமா, இல்லே நான் இதைக் காப்பாத்தணுமா?"

ஜெகன் தாண்டாத தரை

எங்கள் கடையில் முன்பக்கத் தரை வெள்ளை டைல்ஸ், துப்பாக்கிப் பக்கம் சாம்பல் நிறம். ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி, தூண்டில் எல்லாம் விற்பவர் ஜெகன், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வெள்ளை டைல்ஸைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. டீ கொடுப்பதென்றாலும் விளிம்பில் நின்று கையை நீட்டுவார். எனக்குத்தான் எதையும் கேட்காமல் இருக்க முடியாதே. ஒரு நாள், புது மாடல் வந்திருக்கு, சும்மா வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் அண்ணை. நான் இதுகளைக் கண்ணாடிப் பெட்டி இல்லாமலே நிறையப் பாத்திட்டன்."

அன்று முழுக்க எனக்கு விற்பனை ஓடவில்லை.

ஒரு கிலோ பருப்பு

ஆனாலும் விசா முடிய மூன்று வாரம்தான் இருந்தது. குண்டு போட்ட பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ என்று கணக்குப் போட்டேன். ரூமில் ஒரு கிலோ துவரம் பருப்புப் பாக்கெட்டைக் கைலியில் செருகிக்கொண்டு உலாத்திப் பார்த்தேன். வலப்பக்கம் வைத்தால் உட்கார முடியவில்லை. முதுகுப் பக்கம் வைத்தால் குனியும்போது துருத்தியது. கட்டிலில் ஏறி இறங்கினேன், சம்மணம் போட்டேன். ரூம்மேட் காசிம் பாய், கீழக்கரைக்காரர், பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்னப்பா பாண்டி, பருப்பை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?"

பச்சை பெல்ட்

காசிம் பாயின் இடுப்பிலேயே விடை இருந்தது. கைலிக்கு மேலே அவர் கட்டியிருந்த பர்ஸ் வைத்த அகலப் பச்சை பெல்ட். ஊரில் எத்தனை வியாபாரிகள் இடுப்பில் பார்த்திருக்கிறேன்! சூக்கில் அதே மாதிரி ஒன்று வாங்கி, பர்ஸைப் பிரித்து, துப்பாக்கி உறையை வைத்துத் தைக்கக் கொடுத்தேன். இப்போது பிஸ்டலை மாற்ற வேண்டும். ரிவால்வர் ஆகாது, அதன் உருண்டை வயிறு வெள்ளைத் துணிக்கு மேலே தெரியும். பெரிய பிஸ்டல் ஆகாது. தட்டையாக, சின்னதாக, வெளிர் நிறத்தில் ஒன்று எடுத்து வைத்தேன். சின்னது சுடும்போது கையை அதிகமாக உதறும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு அபு சலேம் நடந்தார், காரில் ஏறினார், சம்மணமிட்டார். அசையவில்லை. எனக்கு விசா அடிக்கும் சத்தம் காதில் கேட்டது.

அப்போது அவர் தரையில் மண்டியிட்டு, தொழுகையில் குனிவது போல நெற்றியைத் தாழ்த்தினார். கந்தூரா முதுகில் இழுபட்டது. பிஸ்டல் அச்செடுத்த மாதிரி தெரிந்தது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை குனிகிற மனிதர் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அவர் எழுந்து கந்தூராவைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பள்ளிவாசல்ல எனக்குப் பின்னாடி நிக்கிறவன் அல்லாவை நினைப்பானா, என் இடுப்பை நினைப்பானா?"

மரியம்

பெல்ட்டை முன்பக்கம் திருப்பினோம். தொந்தி பெரிய ஒத்தாசை செய்தது. நின்றாலும் குனிந்தாலும் தெரியவில்லை. அபு சலேம் கண்ணாடி முன் நின்று முதல் தடவையாகச் சிரித்தார். போலீஸ் கடிதத்தை எடுத்து வைத்தார். எனக்கு விசா முடிய ஒன்பது நாள் இருந்தது. நான் பேப்பர் எழுத உட்கார்ந்தேன், அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். காரில் டிரைவரோடு இருந்த அவருடைய பேத்தி மரியம், நாலு வயசிருக்கும், பொறுமை போய் உள்ளே ஓடி வந்தாள். வந்தவள் "யத்தி" என்று தாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டே நேராக அவர் மடியில் ஏறினாள். ஏறின கையோடு அவர் வயிற்றைத் துழாவினாள். அங்கேதான் அவர் எப்போதும் அவளுக்குச் சாக்லேட் ஒளித்து வைப்பாராம். கெட்டியாக ஏதோ அகப்பட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது: "யத்தி, இது எனக்குத்தானே?"

பிஸ்டல் காலிதான். கடையில் குண்டு போட மாட்டோம். ஆனாலும் என் கையில் இருந்த பேனா அதற்குமேல் ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் விற்பனை முடிந்தது. அபு சலேம் அந்தச் சின்னக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஒன்பது வருஷத்தில் சேலைக்கடையில் எத்தனையோ பேரிடம் மனசறிந்து பொய் சொல்லியிருக்கிறேன், எடுப்பாக இருக்கிறது என்று. அன்று வரவில்லை. "பாபா, இது உங்களுக்கு எடுக்கலை" என்றேன். பயத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. எழுந்து பக்க அறைக்குப் போய் பெல்ட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். போகிற வழியில் ஜெகனிடம் ஒரு டீ ஃபிளாஸ்க் வாங்கினார். மரியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்: "கார்ல வர்றவன் வரட்டும். இவ தினம் வர்றா."

தீர்ப்பு

மாடிக் கண்ணாடி வழியாக அர்பாப் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பாஸ்போர்ட்டோடு மேலே வரச் சொன்னார். படி ஏறும்போதே பெட்டி கட்டுவதைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் போனேன். வீட்டில் என்ன சொல்வது, மாசி வீதியில் பழைய முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்று. அர்பாப் பாஸ்போர்ட்டை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டார். அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், விசா அடிக்கப் போகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் விரலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "துப்பாக்கி வாங்க வந்தவனை ஃபிளாஸ்க்கோட அனுப்பறவன் அந்தப் பக்கம் நின்னா என் கடை மாஃபி, ஒண்ணுமில்லாமப் போயிடும். நாளையிலேர்ந்து ஃபிளாஸ்க் பக்கம் நில்லு, யல்லா, கிளம்பு!"

கீழே இறங்கி வந்தபோது, வெள்ளை டைல்ஸ் விளிம்பில் ஜெகன் ஒரு மடக்கு நாற்காலியை எனக்காக விரித்து வைத்துக்கொண்டு நின்றார்: "வாங்கோ அண்ணை, இஞ்சால நிறைய இடம் கிடக்கு."

ஆறு வருஷம் துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தேன். என் கையால் விற்ற துப்பாக்கி ஒன்றுகூட இல்லை, ஆனால் இன்றைக்கும் அல் ஐனில் பாதி வீட்டில் டீ ஆறாமல் இருக்கிறதென்றால் அதற்கு நான்தான் ஜவாப்தாரி.