நாற்பத்தொண்ணு வரைக்கும்

எங்க அண்ணனுக்கு ஸ்டேஷன்ல வச்ச பேரு கடிகாரம். தீயணைப்பு வண்டியில இருபத்தாறு வருஷம் ஓடினவன். வீட்லயும் அதே கதைதான். முட்டை வேகிறதுக்கு நேரம் பார்ப்பான். நான் குளிக்கப் போனா கதவைத் தட்டி, "பதினாலு நிமிஷம் ஆச்சு, உள்ள தூங்கிட்டியா?"ம்பான். "வேற வேலையே இல்லையா உனக்கு?"ன்னு கத்துவேன்.

ஊருக்கு டிராம் வந்தப்போ, விபத்து நடந்தா என்ன பண்ணணும்னு ஆளுங்களைத் தயார் பண்ற வேலையை இவன் தலையில கட்டினாங்க. டிராமுக்கு மேல போற கம்பியில மின்சாரம் ஓடும். யாராவது அடியில மாட்டினா, கன்ட்ரோல் ரூம் மின்சாரத்தை நிறுத்தணும். டிராம் கம்பெனி ஆள் வந்து, மிச்ச மின்சாரம் தரைக்கு இறங்கிடற மாதிரி நீளக் கம்பால கம்பியில எர்த் மாட்டிட்டுக் கையைத் தூக்கிக் காட்டணும். அதுவரைக்கும் சுத்திக் கட்டின மஞ்சள் கயிறைத் தாண்டி ஒருத்தரும் போகக்கூடாது. ஓடிப்போயே பழகின ஆளுங்க, நிக்கச் சொன்னா கால் நிக்குமா? எட்டு மாசம் நிக்கப் பழக்கினான்.

"இன்னிக்கு ஒத்திகையில அம்பத்தெட்டு செகண்ட்ல கை தூக்கிட்டாங்க"ன்னு ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கணுமே! "மாட்டினவங்ககிட்ட ஒரு நிமிஷம்னு சொன்னா போதும், தாங்கிப்பாங்க."

ஆனா ஒத்திகையெல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல, டிராம் ஓடாத நேரத்துல. மின்சாரத்தை முன்னாடியே நிறுத்தியிருப்பாங்க. எர்த் மாட்டுறவர் கையில கம்போட பக்கத்துலயே நிப்பார். கன்ட்ரோல் ரூம்ல ஒருத்தர் போனைக் காதுல வச்சுக்கிட்டுக் காத்திருப்பார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அந்த அம்பத்தெட்டு செகண்ட் அதனாலதான்னு பாவிங்க ஒருத்தருக்கும் உறைக்கலை. முட்டைக்கு நேரம் பார்க்கிற இவனும் கோட்டை விட்டுட்டான்.

டிராம் ஓட ஆரம்பிச்ச மூணாவது வாரம், சாயங்காலம், நல்ல மழை. மார்க்கெட் திருப்பத்துல ஒரு சலவைக்கடை அம்மா சறுக்கி விழுந்து வண்டிக்கடியில மாட்டிக்கிட்டாங்க. நினைவு இருந்தது. அண்ணன் கயிறோரம் மண்டி போட்டு, "பயப்படாதீங்கம்மா, ஒரே நிமிஷம்"னான். அந்தம்மா சத்தமா எண்ண ஆரம்பிச்சாங்க. அறுபது வந்தது. "ஆச்சா தம்பி?"

"இதோ, இன்னும் ஒரே நிமிஷம்மா."

திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணினாங்க. கன்ட்ரோல் ரூம் லைன் கிடைக்கவே இல்லை. எர்த் மாட்டுற வேன் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. கயிறைத் தாண்டப் போன தன் ஆள் ஒருத்தரை அண்ணன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு, மூணாவது தடவையும் "ஒரு நிமிஷம்மா"ன்னான். அந்தக் குரல் நாற்பத்தொண்ணுல நின்னுடுச்சு. கை தூக்கினது ஏழாவது நிமிஷம். வெளிய எடுத்தப்போ உயிர் இல்லை.

விசாரணையில, எல்லாம் விதிப்படி நடந்ததுன்னு எழுதினாங்க. பாராட்டுக் கடிதம் வேற! அதை நான்தான் சுக்கு நூறாக் கிழிச்சேன்.

மின்சாரம் ஓடுற கம்பியில ஒரு ஒத்திகை வேணும்னு அண்ணன் ஆபீஸ் ஆபீஸா நடையா நடந்தான். அஞ்சு மாசம் இழுத்தடிச்சு ஒத்துக்கிட்டாங்க. பொம்மை வேண்டாம்னு, நின்ன டிராமுக்கடியில அவனே போய்ப் படுத்தான். நான் வேலியோரம் நின்னு பார்த்தேன். அவன் கத்தலை, எண்ணினான். அறுபது, மறுபடி அறுபது, அப்புறம் நாற்பத்தொண்ணு. அதோட நிறுத்திட்டான். கயிறோரம் நின்னவங்க அந்த அமைதியைக் கேட்டுக்கிட்டு நின்னாங்க. கை மேல போக அஞ்சரை நிமிஷம் ஆச்சு.

அதுக்கப்புறம்தான் மார்க்கெட் நிறுத்தத்துலயே எர்த் மாட்ட ஆள் போட்டாங்க, கன்ட்ரோல் ரூமுக்குத் தனி லைன் குடுத்தாங்க. ஜெயிச்சுட்டேன்னு அண்ணன் சொல்லவே இல்லை. இப்ப நான் எவ்வளவு நேரம் குளிச்சாலும் கதவைத் தட்டுறதில்லை.

"நீ என்ன பண்ணியிருக்க முடியும்? தாண்டியிருந்தா நீயும் செத்திருப்ப"ன்னு ஒருநாள் பொறுக்க முடியாம சொன்னேன்.

"என் வருத்தம் தாண்டாததுக்கு இல்லம்மா"ன்னான். "எவ்வளவு நேரம்னு தெரியலைன்னு உண்மையைச் சொல்லியிருந்தா, வீட்ல யாருக்காவது ஏதாவது சொல்லச் சொல்லியிருப்பாங்க. நான் அவங்களை எண்ண வச்சுட்டேன்."