இரண்டு எண்பத்தைந்தும் ஒரு வேட்டியும்

கல்யாண ஆல்பம் ஒன்று திரும்பி வந்தது. பெண்ணுக்கு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம். அவளுடைய தாய்மாமா ஆல்பத்தை என் கடை மேசையில் விரித்து வைத்தார்.

"அண்ணாச்சி, நாங்க ஒரு பொண்ணைத்தான் கெட்டிக் குடுத்தோம். இதுல ரெண்டு பொண்ணுல்லா இருக்கு."

பார்த்தேன். சரிதான். ஒரு பக்கத்தில் பெண் மாநிறம். எதிர்ப்பக்கத்தில் வெளுத்துப் போய், கொஞ்சம் மஞ்சளாக.

கோவில்பட்டியில் நானும் ஒரு தம்பியும் சேர்ந்து கல்யாணம் எடுக்கிறோம். கூடப் பிறந்தவன் இல்லை, தொழிலில் தம்பி. இருவரிடமும் மிரர்லெஸ் கேமராதான். கம்பெனி வேறு. அந்த ஆல்பத்தில் மாநிறப் பக்கம் நான் எடுத்தது, வெளுத்த பக்கம் அவன் எடுத்தது. இருவரிடமும் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் உண்டு. ஜூம் கிடையாது, வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் முகத்துக்கு அதுதான். அவன் லென்ஸ் என் கேமராவில் ஏறாது. என்னுடையது அவனுடையதில் ஏறாது.

ஆல்பத்தைச் சரிசெய்து கொடுத்தோம். பிறகு அவன் சொன்னான்.

"ஒரே கம்பெனிக்கு மாறணும் அண்ணாச்சி. எந்த எம்பத்தஞ்சு நல்லா விழுதோ அது இருக்கட்டும். மத்ததை வித்துருவோம். இல்லன்னா ஆளுக்கொரு பக்கம் போயிருவோம்."

சரி என்றேன். என் கேமராவை என் விரல் பார்க்காமலே திருகும். ஆனால் தனியாளாகக் கல்யாணம் எடுக்க முடியாது. தாலி கட்டும்போது ஒருவன் மாப்பிள்ளையின் கையைப் பார்க்க வேண்டும். இன்னொருவன் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் புஞ்சையில் வைத்துப் பார்த்தோம். உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் என் மனைவியை நடுவில் நிற்க வைத்தோம்.

"மதினி, அசையாதீய."

"மூச்சு விடலாமா கொழுந்தனாரே?"

போட்டி நேராக இருக்கட்டும் என்று வெளிச்சத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்படி இரண்டையும் ஆட்டோவில் விட்டோம். கடைக்கு வந்து இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் வைத்தோம். அவனுடையதில் அவள் பளிச்சென்று இருந்தாள். என்னுடையதில் அவ்வளவு இல்லை.

"பாத்தியளா அண்ணாச்சி" என்றான்.

"சரி. என்னோடதை வித்துருவோம்."

மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு புஞ்சை?"

"நம்மதுதான்."

"நம்ம மண்ணா இது? அடுப்புச் சாம்பலக் கொட்டுன மாதிரில்லா இருக்கு. மண்ணே வெளுத்துட்டு, நான் வெளுக்க மாட்டனா?"

அவள் சொன்ன பிறகுதான் மண்ணைப் பார்த்தோம்.

கேமராவுக்குக் கரிசல் தெரியாது. அத்தனை கருப்பைப் பார்த்தால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். அவன் கேமரா கூடுதலாக ஏற்றியிருந்தது. அதை லென்ஸின் குணம் என்று நினைத்தோம். அந்தக் கல்யாண மண்டபத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். வெளிச்சத்தையும் நிறத்தையும் அவன் ஆட்டோவில் விடுவான். நான் கையால் வைப்பேன்.

மறுநாள் அதே இடம், அதே நேரம். முதலில் என் வெள்ளை வேட்டியைப் படமெடுத்து, அது வெள்ளையாகவே விழும்படி வெளிச்சத்தையும் நிறத்தையும் இரண்டு கேமராவிலும் கையால் ஒன்றாக வைத்தோம். பிறகு அவளை எடுத்தோம். மண் கருப்பாக விழுந்தது. அவள் அவளாக இருந்தாள். தேடினால் வித்தியாசம் உண்டு. அவனுடையதில் இமைமுடி ஒரு பொட்டு கூர்மை. என்னுடையதில் பின்னால் நின்ற உடைமரம் கொஞ்சம் இதமாகக் கரைந்தது.

அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"ஆல்பத்துல இதெல்லாம் எவன் பாக்கப் போறான்?" என்றான்.

"பொண்ணோட மாமா பாப்பாரு."

சிரித்தான். விற்கிற பேச்சு அதோடு நின்றது.

அடுத்த கல்யாணம் கழுகுமலையில். மேளம் தொடங்கும் முன்னால் மாப்பிள்ளையின் அப்பாவை வெளிச்சத்தில் நிறுத்தினோம். இருவரும் குனிந்து அவர் வேட்டியை எடுத்தோம்.

"என்னய்யா, ரெண்டு பேரும் வேட்டியவே எடுக்கிய? கறை கிறை இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. நல்ல வெள்ளை."

தம்பி மாப்பிள்ளை பக்கம் போனான். நான் பெண்ணின் முகம் தெரிகிற பக்கம் போய் நின்றேன்.