வளைவைப் பிடித்த கைகள்

ஆம்புலன்ஸின் கூரைக் கொக்கியில் தொங்கிய சலைன் பாட்டில்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது வெளிப்பக்கமாகச் சாயும். வளைவு முடிந்ததும் நேராக வந்து நிற்கும். யாரும் அதைத் தொடவில்லை. கதவு சாத்தியிருந்ததால் காற்றும் கிடையாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அதைத் தள்ளுவதுபோலவே இருக்கும்.

நான் அப்போது எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் உடுமலைப்பேட்டைக்காரர், எஸ்டேட்டில் லாரி ஓட்டுபவர். தேயிலை மூட்டைகளின் மேல் நின்று கயிறு இறுக்கும்போது கீழே விழுந்து, பின்கழுத்தில் எலும்பு முறிந்திருந்தது. கை கால் இன்னும் அசைந்தது. அது ஒன்றுதான் நல்ல சேதி. கழுத்து கொஞ்சம் புரண்டாலும் அதுவும் போய்விடும், கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால்தான் ஆப்பரேஷன். கழுத்துக்குப் பட்டை போட்டு, தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்து, உடம்பை வாரால் கட்டியிருந்தோம். அதுவும் போதாதென்று டாக்டரம்மா தலைமாட்டில் மண்டியிட்டு, அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு ஊர் துடியலூர். மலைப்பாதை என்றாலே வாந்தி. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேதான் இறங்குவார். நாங்கள் கேலி செய்வோம். அன்றைக்குப் பழமும் இல்லை, இருந்தாலும் அதைப் பிடிக்கக் கை இல்லை.

ஒவ்வொரு வளைவு தாண்டியதும் லாரிக்காரரைக் கால்விரலை ஆட்டச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. ஆட்டிக்கொண்டுதான் வந்தார். பாதி மலை இறங்கியபோது கை மரத்துப்போகிறது என்றார். வண்டியோ ஆமை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். வண்டி திரும்புவதற்குச் சற்று முன்பே, கண்ணை மூடிப் படுத்திருந்த லாரிக்காரரின் கழுத்து புடைத்து இறுகியது. அந்தப் பாதையிலேயே காலம் தள்ளியவர். எந்த வளைவு எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. படுத்துக்கொண்டும் அவர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

“ஏனுங்க, நீங்க வண்டி ஓட்டறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“தள்ளுதுங்கம்மா. இறுக்கிப் புடிக்கலைன்னா வெளிய போயிருவனுங்க.”

“ஒண்ணும் தள்ளலீங்க. வண்டி திரும்புது, உங்க ஒடம்பு நேராப் போகப் பாக்குது, அவ்வளவுதான். வளைவை உட்டுப்போடுங்க. நான் புடிச்சுக்கறேன்.”

நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதியதோடு சரி. தள்ளுகிறவர் என்று யாரும் இல்லை. நேராகப் போக நினைப்பதை வேறொன்று விடாமல் திருப்புகிறது, அந்தத் திருப்பல்தான் நமக்குத் தள்ளலாகத் தெரிகிறது. சாலை டயரைத் திருப்பியது. டயர் வண்டியைத் திருப்பியது. உடம்பை வார் திருப்பியது. தலையை மட்டும் திருப்ப வேண்டியவை அந்த இரண்டு கைகள். முழங்காலை வண்டியின் தகரத்தில் முட்டுக்கொடுத்து, உடம்போடு தலையும் ஒன்றாகத் திரும்பும்படி டாக்டரம்மா பிடித்திருந்தார். லாரிக்காரர் மெல்ல மெல்லக் கழுத்தைத் தளரவிட்டார். ஓட்டுகிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு வளைவில் டாக்டரம்மா தன் தோள்மேலேயே வாந்தி எடுத்தார். நான் துடைத்துவிட்டேன். தலையைப் பிடித்திருந்த அவர் கை அசையவில்லை. மேலே பாட்டில் சாய்ந்தது, நிமிர்ந்தது. இத்தனை பெரிய மலை சுற்றிச் சுற்றி இறங்க, நடுவில் ஒரு தலை மட்டும் ஆடாமல் வந்ததைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. கும்பிடத் தோன்றியது.

ஆழியாறு வந்ததும் கால்விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். நான் அழுதுவிட்டேன். கோயம்புத்தூரில் ஸ்ட்ரெச்சரை இறக்கிய பிறகும் டாக்டரம்மாவால் விரல்களை நீட்ட முடியவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. லாரிக்காரர் இப்போது சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். கழுத்து முழுதாகத் திரும்பாது, பின்னால் வருவதைக் கண்ணாடியில்தான் பார்ப்பார். டாக்டரம்மா ஓய்வு பெற்றுத் துடியலூரிலேயே இருக்கிறார். பழைய ஆஸ்பத்திரியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால் போன மாதம் மூவரும் அந்தக் காரில் மலையேறிப் போய்வந்தோம்.

இறங்கும்போது டாக்டரம்மா பின்சீட்டில் கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு மேல் கொக்கியில் பிளாஸ்க் பை தொங்கியது. முதல் வளைவு வந்தது. பை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. டாக்டரம்மாவின் கையிலிருந்து பழம் நழுவிக் கதவோரம் உருண்டது. அதை அவர் தேடவில்லை. இரண்டு கைகளும் தாமாக எழுந்துபோய், லாரிக்காரர் உட்கார்ந்திருந்த முன்சீட்டின் தலைப்பகுதியை இருபுறமும் இறுகப் பிடித்துக்கொண்டன.

லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். “உட்டுப்போடுங்கம்மா, நான் புடிச்சுக்கறனுங்க” என்றார்.

ஆழியாறு வரைக்கும் டாக்டரம்மா விடவில்லை.